எந்தச் சாமியார் எங்கள் வீட்டுக்குள் வந்தார்?

கோவிலூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மடம்தான் ஞாபகம் வரும். காரைக்குடிக்குப் பக்கத்தில், தமிழிலேயே வேதாந்தம் சொல்லிக் கொடுத்துப் பேர் வாங்கிய மடம். நகரத்தார் ஆதரவில் வளர்ந்தது. துறவு வாங்க வேண்டும், ஞானம் படிக்க வேண்டும் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் அந்த ஊரைத் தேடி வந்திருக்கிறார்கள். அதே ஊரிலிருந்து நானும் ஒருநாள் சாமியாராகக் கிளம்பினேன். என் வழி வேறு. ஊருக்கு வெளியே இருக்கிற எங்கள் குடியிருப்பில் நாலைந்து வீடுகள் வேதக்கார வீடுகள். பறையர் வீடுகள். எங்கள் அப்பத்தா காலத்தில் வேதத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது.

ஏன் வேதத்துக்கு வந்தோம் என்று அப்பத்தாவிடம் கேட்டால் மோட்சம், இரட்சிப்பு என்றெல்லாம் சொல்ல மாட்டாள். "பள்ளிக்கூடம்டா" என்பாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இருக்கிற சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் அப்போது இராமநாதபுரம் ஜில்லா. 1930 டிசம்பரில் அந்த ஜில்லாவில் கள்ளர்கள் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆம்பளைகள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பொம்பளைகள் மாரை மூடக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, ஆடுமாடுகள் பறிபோயின. அதுவும் போதாதென்று 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. புதிதாகச் சேர்ந்தவற்றில் ஒன்று, நம் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதார்களின் மாடு மேய்க்கத்தான் வேண்டும் என்பது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இந்தத் தடைகளைத் தம் சாதி பற்றிய நூலில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது அப்பத்தா சொன்ன 'பள்ளிக்கூடம்டா' என்பதைத் திரும்பப் படித்துப் பாருங்கள்.

இந்தப் பின்னணியில் வந்த பையன் சாமியாராக ஆசைப்பட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் கண்ணுக்குத் தெரிந்த ஒரே படித்த மனிதர் பங்குச் சாமியார்தான். அவர் வந்தால் நாட்டாமைக்காரன்கூட எழுந்து நிற்பான். எங்கள் அய்யாவைப் பார்த்து யாரும் எழுந்து நின்றதில்லை. தேவ அழைத்தல் என்கிறார்களே, எனக்கு வந்த அழைத்தலில் பாதி அதுதான் என்று இப்போது ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

1993-ஆம் வருஷம். அருளானந்தர் ஓரியூரில் வெட்டப்பட்டு முந்நூறு வருஷம். சிவகங்கை மறைமாவட்டம் 1987-ல் மதுரையிலிருந்து பிரிந்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் சிவில் மாவட்டத்துக்கு அப்போது பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் என்று பேர். சாமியாராகலாமா என்று யோசித்துக் கொண்டிருந்த பதினாலு பையன்களைச் சேர்த்து நாலு நாள் திருப்பயணம் கூட்டிப் போனார்கள். பகலில் வேதசாட்சிகளின் இடங்களைப் பார்த்துப் பாடம் கேட்பது, ராத்திரி அந்தந்த ஊர் வேதக்காரர்கள் வீட்டில் தங்குவது, காலையில் 'என்னை அழைக்கிறாரா?' என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது. இதுதான் ஏற்பாடு. பதினாலு பேரில் நானும் இன்னொருத்தனும் மட்டும் காலனி.

சருகணிக்குப் போனோம். பிரான்சிலிருந்து வந்து இந்த வறண்ட பூமியில் வாழ்ந்து 1973-ல் செத்துப்போன லெவே சாமியாரின் கல்லறை அங்கே இருக்கிறது. ஏழைகளுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டவர் என்று சனங்கள் இன்றைக்கும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அதில் நம் சனங்கள்தான் அதிகம். பிறகு திருவாடானை வழியாக ஓரியூர். கடைசித் தூரத்தை நடந்தே போனோம்.

ஓரியூர் மண் சிவப்பு. அருளானந்தரின் இரத்தம் பட்டுச் சிவந்தது என்று சொல்லி, துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள். நானும் முடிந்துகொண்டேன். வழிகாட்டி அந்தக் கதையைச் சொன்னார். ஜான் டி பிரிட்டோ 1647-ல் லிஸ்பனில் பெரிய குடும்பத்தில் பிறந்தவர். 1673-ல் கோவாவுக்கு வந்தார். மதுரை மிஷனில் சேர்ந்து காவி கட்டி, மறவர் சீமையில் வேதம் சொன்னார். 1686-ல் பிடித்து அடித்துச் சித்திரவதை செய்து விட்டார்கள். ஊருக்குப் போனவர் 1690-ல் திரும்பி வந்தார். தடியத் தேவர் வேதத்தில் சேர்ந்து, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதிக்குச் சொந்தம். அது பெரிய பகையாகி, 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் பிரிட்டோவின் தலை விழுந்தது. 1853-ல் அவருக்கு முத்திப்பேறு பட்டம், 1947-ல் புனிதர் பட்டம்.

கதை முழுக்க ராஜா, தேவர், சேதுபதி. நான் கையைத் தூக்கிக் கேட்டேன்: "சாமி, அப்ப நம்ம ஆளுங்க எங்க இருந்தாங்க?" அவர் கெட்டவரில்லை. சிரித்துக்கொண்டே, "எல்லாரும் கடவுளோட பிள்ளைங்கதாம்பா" என்றார். கேள்வி அதோடு முடிந்தது.

அன்றைக்கு ராத்திரி ஒரு கிராமத்தில் தங்கல். ஊர் பேர் வேண்டாம். கோயில் முற்றத்தில் பட்டியல் வாசித்தார்கள். இன்னார் இன்னார் வீட்டுக்கு. பன்னிரண்டு பேரும் ஊருக்குள். எங்கள் இரண்டு பேரையும் காலனிக்கு அனுப்பினார்கள். "உங்களுக்கு அங்கதான் சௌகரியமா இருக்கும்" என்றார் பட்டியல் வாசித்தவர். எங்கள் சாதியை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அவர்களாகவே விசாரித்து வைத்திருக்கிறார்கள். தேவ அழைத்தலுக்கு நாங்கள் கொடுத்த விண்ணப்பத்தில் தெருப் பேர் இருந்தது. அது போதுமானதாக இருந்திருக்கிறது.

காலனியில் ஒரு கிழவி வீடு. கேப்பைக் கூழும் கருவாடும் கொடுத்தாள். எதுக்கப்பு இப்படிக் கூட்டமா அலையுறீங்க என்று கேட்டாள். சாமியாராகப் போறோம் அப்பத்தா என்றோம். கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு சாகக் கெடந்தப்ப சாமியாரு வந்தாரு. வாசல்ல நின்னு மந்திரிச்சுட்டுப் போயிட்டாரு. உள்ள வரல. நீங்க சாமியாரா ஆனா வீட்டுக்குள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிங்கப்பு. அது போதும்."

மறுநாள் காலை என் நோட்டில் 'என்னை அழைக்கிறாரா?' என்ற கேள்விக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. குருமடத்துக்கும் போகவில்லை. வாத்தியார் வேலைக்குப் படித்தேன். ஆனால் அந்தக் கிழவி சொன்னது என்னை விடவில்லை. வீட்டுக்குள் வராத சாமியார் எப்போதிலிருந்து இருக்கிறார்? இந்தக் கேள்வியோடுதான் நான் சரித்திரப் புத்தகங்களுக்குள் போனேன்.

போய்ப் பார்த்தால், அது எங்கள் பங்கின் வியாதி இல்லை. முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்டது.

1606-ல் மதுரைக்கு வந்த தெ நொபிலி பிராமண சன்னியாசியாக வாழ்ந்தார். பூணூல், குடுமி, சைவச் சாப்பாடு. மேல்சாதிக்காரர்களை வேதத்தில் சேர்க்க இதுதான் வழி என்று வாதாடி, 1623-ல் போப்பிடம் அனுமதியும் வாங்கிவிட்டார்கள். அப்படி வாழ்கிறவர் பறையரோடு நின்று பேச முடியாது. பேசினால் வேஷம் கலைந்துவிடும். அப்போ பறையருக்கு வேதம் சொல்வது யார்? அதற்காக 1640-ல் இன்னொரு வகைச் சாமியார் உண்டானார். பண்டாரசாமி. பல்தசார் த கோஸ்தா முதலாமவர். ஒரே சபை, ஒரே கடவுள், இரண்டு சாதிச் சாமியார். பிரிட்டோவும் பண்டாரசாமியாகத்தான் மறவர் சீமைக்கு வந்தார். எங்கள் வழிகாட்டி காவித்துணியைச் சொன்னார். அந்தக் காவி எதற்காகத் தேவைப்பட்டது என்பதைச் சொல்லவில்லை. நான் அன்றைக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தக் காவித்துணியிலேயே இருந்திருக்கிறது.

அடுத்தது 1704. போப்பின் தூதராக வந்த தூர்னோன் புதுச்சேரியில் இருந்துகொண்டு ஓர் ஆணை போட்டார். மதுரை மிஷனில் சாதிக்காகச் செய்துகொண்ட பல ஏற்பாடுகளைக் கண்டித்த ஆணை அது. அதில் ஒரு விஷயம் நம்முடையது. சாகக் கிடக்கிற பறையரின் குடிசைக்குள் சில சாமியார்கள் போவதில்லை. நோயாளியை வெளியே ஓரிடத்துக்குத் தூக்கி வரச் சொல்லி அங்கேதான் அவஸ்தைப்பூசுதல் கொடுப்பார்கள். அது கூடாது, வீட்டுக்குள் போய்க் கொடுக்க வேண்டும் என்றார் தூர்னோன். சேசு சபையார் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே போனால் மேல்சாதிக்காரர்கள் வேதத்தை விட்டுப் போய்விடுவார்கள் என்றார்கள். ரோமாபுரியில் நாற்பது வருஷம் வழக்கு நடந்தது. 1744-ல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் தீர்ப்புச் சொன்னார். அதன்படி என்ன ஏற்பாடு தெரியுமா? பறையருக்கென்று தனியாகச் சில மிஷனரிகள்.

எங்களைத் தொட்டதால் ஐரோப்பாவில் பிறந்த வெள்ளைக்காரரும் பறைச்சாமியாராகிவிட்டார். சாதி எவ்வளவு பலமானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஒரு குடிசை வாசலுக்காக நாற்பது வருஷம் ரோமாபுரியில் வாதாடியிருக்கிறார்கள். அந்த நாற்பது வருஷமும் உள்ளே கிடந்து செத்தவர்களின் பேர் ஒன்றுகூடப் புத்தகத்தில் இல்லை. கிழவியின் வீட்டுக்காரர் அந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்தவர்.

கத்தோலிக்கம்தான் இப்படி, புராட்டஸ்டண்டு வேறு மாதிரி என்று சொல்லுகிற தோழர்கள் உண்டு. அவர்களுக்கு ராஜநாயக்கனைச் சொல்ல வேண்டும்.

ராஜநாயக்கன் தஞ்சாவூர் மராத்திய ராஜாவின் படையில் சேர்வைக்காரர். பறையர். தாத்தா காலத்திலிருந்தே கத்தோலிக்கக் குடும்பம். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழில் மொழிபெயர்த்து 1714-ல் அச்சடித்த சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் இந்தச் சிப்பாயின் கைக்கு வந்து சேர்ந்தன. யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானே உட்கார்ந்து படித்தார். படித்த புத்தகம் எங்கிருந்து வந்தது என்று தேடி 1727-ல் தரங்கம்பாடிக்குப் போனார். ஊழியத்துக்கு அழைப்பு உண்டா என்று தெரிந்துகொள்ள ஒரு வாலிபன் செய்த திருப்பயணம் என்றால் இதுதான். கூட்டிப் போக ஆளில்லை, பட்டியல் வாசிக்க ஆளில்லை. படை உத்தியோகத்தை விட்டு உபதேசியாரானார். வெள்ளைக்கார மிஷனரிகள் நுழைய முடியாத தஞ்சாவூர்ச் சீமையில் சபைகளை உண்டாக்கினவர் அவர்தான்.

1733-ல் தரங்கம்பாடி மிஷன் முதல்முதலாக ஒரு தமிழருக்குக் குருப்பட்டம் கொடுத்தது. ஆரோன். வெள்ளாளர். 1741-ல் இரண்டாவது ஆள் வேண்டும். இரண்டு பேர் பேர் வந்தது. ஒருவர் தியோகு, இன்னொருவர் ராஜநாயக்கன். உழைப்பில் ராஜநாயக்கனுக்குக் குறை சொல்ல யாராலும் முடியவில்லை. ஆனால் பறையன் கையால் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் இராப்போசனம் வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் யோசித்தார்கள். தியோகுவுக்குப் பட்டம் கிடைத்தது. ராஜநாயக்கன் 1771-ல் சாகிறவரைக்கும் உபதேசியார்தான். தரங்கம்பாடியில் 1718-ல் கட்டி முடித்த புது எருசலேம் கோயிலில் நம் சனங்கள் இடைவெளி விட்டுத் தனியாக உட்கார வைக்கப்பட்டார்கள். உட்காருகிற இடமே அப்படி என்றால் பலிபீடத்துக்குப் பக்கத்தில் நிற்கிற இடம் எப்படிக் கிடைக்கும்?

தேவன் அழைத்தாரா இல்லையா என்பது அங்கே பிரச்சினையே இல்லை. யார் கையால் அப்பம் வாங்குவது என்பதுதான் பிரச்சினை. அப்பத்தைக் கொடுக்கிற கை தீட்டு. ஆனால் நெல்லை அறுத்த கை தீட்டில்லை. நம் சரித்திரம் முழுக்க இந்தக் கணக்குதான்.

இன்னொரு யாத்திரையும் உண்டு. அது கொஞ்சம் தெம்பு தருகிற கதை. நாகர்கோவில் பக்கம் மயிலாடியில் மகாராசன் என்கிற சாம்பவர். தெய்வத்தைத் தேடி, மருமகனோடு சிதம்பரத்துக்கு யாத்திரை கிளம்பினார். சிதம்பரம் என்றதும் நமக்கு நந்தன் ஞாபகம் வராமல் இருக்காது. மகாராசன் நெருப்பில் இறங்கவில்லை. தஞ்சாவூர் வழியாகத் திரும்பினார். அங்கே கோலாஃப் ஐயர் போதித்ததைக் கேட்டு ஞானஸ்நானம் வாங்கி, வேதமாணிக்கம் ஆனார். அது 1799. ஊருக்கு வந்து தன் சனத்தைச் சேர்த்தார். மிஷனரி வேண்டும் என்று கேட்டார். 1806-ல் ரிங்கல்தௌபே வந்தார். 1816-ல் ரிங்கல்தௌபே ஊரை விட்டுப் போகும்போது சபைப் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அடுத்த மிஷனரி வருகிறவரை சபையை நடத்தியது ஒரு சாம்பவர். தென் திருவிதாங்கூரில் புராட்டஸ்டண்டு சபை அப்படித்தான் பிழைத்தது. மிஷனரி வந்து நம்மை மாற்றினான் என்று இரண்டு பக்கத்துக்காரர்களும் சொல்கிறார்கள். நாம் போய் மிஷனரியைக் கூட்டி வந்தோம் என்று யார் சொல்வது?

இதற்குப் பிறகு நடந்தவை நம் வாசகர்களுக்குத் தெரியும். வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோயிலில் சாதிக்கு ஒரு பக்கம், நடுவே சுவர். கால்சட்டை மாதிரி இரண்டு காலும் பலிபீடத்தில் போய்ச் சேரும். வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்த அந்தச் சுவரை 1910-ல் கௌசானல் சாமியார் இடித்தார். இடித்ததற்கு வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். சுவரை இடித்த சாமியாரும் இருந்தார் என்பதை மறைக்க நான் இதை எழுதவில்லை. 2008 மார்ச்சில் எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களைச் சக கிறிஸ்தவர்களான வன்னியர்கள் தாக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். 2016-ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் கொள்கை அறிக்கையில், சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று எழுத்தில் ஒத்துக்கொண்டது. 2022-ல் ஹைதராபாத் பேராயர் பூலா அந்தோணி கர்தினாலானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித். தே நொபிலி மதுரைக்கு வந்து நானூற்றுப் பதினாறு வருஷம் கழித்து.

அரசாங்கம் மட்டும் சளைத்ததா? 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. சீக்கியரை 1956-லும் பௌத்தரை 1990-லும் சேர்த்தார்கள். நம்மைச் சேர்க்கவில்லை. தாலுகா ஆபீசில் நான் பறையன் இல்லை, பிற்படுத்தப்பட்டவன். பட்டியல் வாசித்த அந்தக் கோயில் முற்றத்தில் நான் பறையன்தான்.

அந்தத் திருப்பயணத்தில் என்னோடு காலனிக்கு வந்த பையனின் பையில் ஒரு புத்தகம் இருந்தது. பாமாவின் 'கருக்கு'. 1992-ல் வந்த புத்தகம். கன்னியர் மடத்துக்குப் போய் வெளியே வந்த நம் பெண் எழுதியது. கிழவி வீட்டுத் திண்ணையில் சிம்னி விளக்கில் மாற்றி மாற்றிப் படித்தோம். பகலில் நடத்திய பாடத்தைவிட அந்த ராத்திரிப் பாடம்தான் எனக்கு ஒட்டியது. அவன் குருமடத்துக்குப் போனான். சாமியாரும் ஆனான். வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடிக்கிற சாமியார் அவன். போகாததற்கு எனக்கு வருத்தமில்லை. அவன் போனதில் எனக்குப் பெருமைதான். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆகவே இந்தத் திருப்பயணங்களை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. ஓரியூருக்கும் போங்கள். ஆனால் பண்டாரசாமி என்றால் என்ன, ஏன் அப்படி ஒருவர் தேவைப்பட்டார் என்பதை அந்தச் சிவப்பு மண்ணில் நின்று சொல்லுங்கள். தரங்கம்பாடியில் ஆரோனைச் சொல்கிற வாயால் ராஜநாயக்கனையும் சொல்லுங்கள். மயிலாடிக்குப் போங்கள். வடக்கன்குளத்தில் சுவர் நின்ற இடத்தைக் காட்டுங்கள். எறையூரில் ஒரு ராத்திரி தங்குங்கள். இவ்வளவையும் பார்த்துவிட்டு ஒரு பையனோ பெண்ணோ 'எனக்கு அழைத்தல் இருக்கிறது' என்று சொன்னால், அதை நான் நம்புவேன்.

இந்த வருஷம் என் அண்ணன் மகன் அழைத்தல் முகாமுக்குப் பேர் கொடுத்திருக்கிறான். பதினெட்டு வயசு. போகட்டுமா சித்தப்பா என்று கேட்டான். போ என்றேன். என்ன கொண்டு போகணும் என்றான். நோட்டும் பேனாவும் போதும் என்றேன். அப்புறம் ஒன்று சொன்னேன்: "ராத்திரி தங்குறதுக்கு வீடு பிரிப்பாங்க. பட்டியல் வாசிச்சதும் கையத் தூக்கி, இத யாரு, எதப் பாத்துப் போட்டீங்கன்னு கேளு. அவங்க சொல்ற பதில அப்படியே எழுதிக்கிட்டு வா."